சாகக் கிடக்கும் ஆர்க்கிட்டை மீட்பது எப்படி: வேரிலிருந்து தொடங்குங்கள்

இலை சுருங்கி, தோல் மாதிரித் தொங்குகிற ஆர்க்கிட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: பாவம், தண்ணீர் போதவில்லை போல. உடனே ஒரு குவளை ஊற்றுவோம். மறுநாளும் ஊற்றுவோம். ஒரு வாரத்தில் கீழ் இலை மஞ்சளாகி விழும், பயந்துபோய் இன்னும் ஊற்றுவோம். என் கைக்கு வந்த ஃபெலனாப்சிஸ் (கடைகளில் பரவலாக விற்கிற, அகன்ற இலை ஆர்க்கிட்) செடிகளில் பாதிக்கு மேல் இப்படித் தண்ணீர் குடித்துக் குடித்துத் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தவைதான். முரணாகத் தெரிந்தாலும் உண்மை அதுதான். வேர் அழுகிவிட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது, அதனால் இலை காய்கிறது. காய்ந்த இலையைப் பார்த்து நாம் மேலும் ஊற்ற, மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு வேரும் அழுகுகிறது.

ஆகவே முதல் வேலை, தண்ணீரை நிறுத்திவிட்டுச் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பது. வேரைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இலை உங்களுக்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்கிறது, வேர் இன்று நடப்பதைச் சொல்கிறது.

நான் இருப்பது சென்னையில், கிழக்கு பார்த்த ஒரு பால்கனியும் மொட்டை மாடியில் கொஞ்சம் நிழல்வலையும்தான் என் இடம். இங்கே எழுதுவதெல்லாம் அந்த வெயிலிலும் அந்தப் புழுக்கத்திலும் செய்து பார்த்தவை. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து, தெற்கு ஜன்னலில் வை, வாரம் ஒருமுறை தண்ணீர் விடு என்பதை அப்படியே இங்கே செய்தால் மே மாதத்தில் செடி மிஞ்சாது.

வேர் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்

நாம் வளர்க்கிற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரத்தின் மேல் வாழ்பவை. ஊரில் இவற்றைப் புல்லுருவி என்று சொல்லி வெட்டி எறிகிறவர்கள் உண்டு, அது தவறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான், மரத்திலிருந்து எதையும் எடுக்காது. பள்ளிப் புத்தகத்தில் தொற்றுத்தாவரம் என்று படித்திருப்போமே, அது இதுதான். அதன் வேர் காற்றில் தொங்கும், மழை பெய்தால் நனையும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இந்த நனைதல், காய்தல் என்ற தாளத்துக்குத்தான் அந்த வேர் பழகியிருக்கிறது.

வேரைச் சுற்றி வெலாமென் என்று பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது, உயிரற்ற செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறத்தில் தெரியும். நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிய ஆரம்பிக்கும். இதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மானி. வேர் வெள்ளியாக இருந்தால் தண்ணீர் விடலாம், பச்சையாக இருந்தால் விடக்கூடாது. அதனால்தான் ஃபெலனாப்சிஸை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியிலேயே வைத்திருங்கள் என்கிறேன். அழகான பீங்கான் தொட்டிக்கு மாற்றினால் வேர் உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும்.

வெளியே எடுத்துப் பார்ப்பது

ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, தொட்டியோடு பத்து நிமிடம் ஊறவிட்டால் வேர் இளகி எளிதாக வரும். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் தொட்டியை வெட்டிவிடுங்கள், பத்து ரூபாய்த் தொட்டிக்காக ஒரு வேரை இழக்க வேண்டாம். பிறகு உள்ளே இருக்கும் கரி, மரப்பட்டை, பாசி எல்லாவற்றையும் உதிர்த்து, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு வேரைக் கழுவுங்கள்.

நர்சரியில் பூத்த நிலையில் வாங்கிய செடி என்றால் வேர்க்கூட்டத்தின் நடுவில் ஒரு சின்ன உருண்டை இருக்கும். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த குட்டிச்செடியை முதன்முதலில் நட்ட பாசி அல்லது தேங்காய் நார் அது. வெளியே எல்லாம் காய்ந்திருந்தாலும் அது மட்டும் பல நாள் ஈரமாகவே இருக்கும், அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும். நான் முதலில் வாங்கிய செடி ஒன்பது பூவோடு வந்தது. பூ கொட்டிய பிறகு இலை சுருங்க ஆரம்பித்தது, மேலே கரி காய்ந்துதான் இருந்தது, அதனால் நான் தண்ணீரைக் கூட்டினேன். கடைசியில் எடுத்துப் பார்த்தபோது நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கருத்துப்போன நார், அதைச் சுற்றி ஒரு வேர் கூட இல்லை. அந்தச் செடியைக் காப்பாற்ற முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தச் செடி வாங்கினாலும் பூ முடிந்ததும் அந்த உருண்டையை ஒரு குச்சியால் நோண்டி எடுத்துவிடுகிறேன்.

சரி, இப்போது ஒவ்வொரு வேராக விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், நிறம் எப்படி இருந்தாலும் அது உயிரோடு இருக்கிறது. தொட்டிக்குள் வெளிச்சம் படாத வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் இருக்கும், நிறத்தை வைத்து வெட்டிவிடாதீர்கள். அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கித் தண்ணீர் வருகிறதா, அது போய்விட்டது. லேசாக இழுத்தால் உறை கழன்று உள்ளே ஒரு நார் மட்டும் நிற்கிறதா, அதுவும் போய்விட்டது. காகிதம் போலத் தட்டையாக, உள்ளே காலியாக இருக்கிறதா, அது காய்ந்து செத்தது. சந்தேகமாக இருக்கும் வேரை விட்டுவையுங்கள்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை விட சவர பிளேடு நல்லது, வேரை நசுக்காது. ஒரு செடியை முடித்து இன்னொரு செடிக்குப் போவதற்கு முன் பிளேடை மாற்றுங்கள், அல்லது அடுப்புத் தீயில் காட்டுங்கள். ஆர்க்கிட் வைரஸ் பரவுவது பெரும்பாலும் நம் கத்தி வழியாகத்தான், வந்துவிட்டால் மருந்து கிடையாது. வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் பட்டையின் (இலவங்கப்பட்டை) பொடியைத் தொட்டு வைக்கலாம், ஆனால் வெட்டிய நுனியில் மட்டும். நல்ல வேர் மேல் தூவினால் அதையும் காயவைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வருவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல வேர் நுனியையும் சேர்த்தே எரிக்கும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அழுகல் மோசமாக இருந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஒரு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து அடிக்கலாம், கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு. ஆனால் டென்ட்ரோபியம் என்ற குச்சித்தண்டு ஆர்க்கிட்டுக்குச் செம்பு மருந்து ஆகாது, இலை கருகும்.

பூத்தண்டு இருந்தால் வெட்டிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் வேர் இல்லாத செடி பூவுக்குத் தண்ணீர் அனுப்பினால் அது தன் இலையைப் பிழிந்துதான் அனுப்பும். தண்டைக் கண்ணாடிக் குவளையில் வையுங்கள், பூ சில வாரமாவது அங்கே இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் செடியை ஒரு நாள் நிழலில், காற்றோட்டமாக, தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வைத்துவிடுங்கள். வெட்டுக்காயம் ஆற வேண்டும். அவசரப்பட்டு அன்றே நடாதீர்கள்.

எத்தனை வேர் மிச்சம்?

மூன்று நான்கு நல்ல வேர் இருந்தால் கவலை இல்லை. வேருக்குப் பொருந்துகிற சின்னத் தொட்டியாக எடுங்கள், சின்னது என்றால் நிஜமாகவே சின்னது, 4 அங்குலம் போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது. உள்ளே அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, கிடைத்தால் மரப்பட்டை. கரிக்கு நான் போவது இஸ்திரி போடுகிறவர்கள் வாங்கும் கடைக்குத்தான், கிலோ கணக்கில் கிடைக்கும். சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்து, சாம்பல் போகக் கழுவி, ஒரு இரவு ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பலர் போடுகிறார்கள். அதில் உப்பும் துவர்ப்பும் உண்டு, நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்காமல் போடக்கூடாது. ஊறவைத்தாலும் மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் நோயாளிச் செடிக்கு நான் போடுவதில்லை.

நட்ட பிறகு செடி ஆடக்கூடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. புது வேரின் நுனி கண்ணாடி மாதிரி, செடி லேசாக அசைந்தாலே கரியில் உரசி முறிந்துவிடும், முறிந்த நுனி திரும்ப வளராது. ஒரு குச்சியை நட்டு, செடியை அதோடு கட்டி, தொட்டியைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்னொரு கட்டு போடுங்கள்.

ஒன்று அல்லது இரண்டு வேர்தான் மிச்சம் என்றால் ஸ்பாக்னம் பாசி. ஊறவைத்துப் பிழிந்து, இனிமேல் ஒரு சொட்டு வராது என்கிற அளவுக்குப் பிழிந்து, அந்த வேரைச் சுற்றித் தளர்வாக வைத்து, நிறையத் துளை போட்ட பிளாஸ்டிக் டம்ளரில் வையுங்கள். இறுக்கி அடைத்தால் பாசி ஈரத்தை விடாது. மேல்பாசி தொட்டால் மொறுமொறுவென்று ஆன பிறகுதான் அடுத்த தண்ணீர்.

ஒரு வேரும் இல்லையென்றால் பை. இதுதான் எல்லோரும் கேட்பது. பெரிய ஜிப்லாக் பையில் ஒரு பிடி பிழிந்த பாசியைப் போட்டு, அதன் மேல் செடியை உட்காரவைத்து, அடித்தண்டு பாசியைத் தொடலாம், குருத்து தொடக்கூடாது, பையை மூடி வெளிச்சமான நிழலில் வைப்பது. உள்ளே ஈரக்காற்று நிறைந்திருப்பதால் இலை நீரை இழக்காது, இருக்கிற சேமிப்பை வைத்துப் புது வேர் விட செடிக்கு நேரம் கிடைக்கிறது. குளிர் நாட்டில் இது அருமையாக வேலை செய்யும். இங்கே ஏப்ரல், மே மாதத்தில் மூடிய பைக்குள் செடி அவிந்துவிடும், நான் அப்படி ஒன்றை இழந்திருக்கிறேன். அதனால் வீட்டிலேயே குளுமையான அறையில், வெயிலின் ஒரு கீற்று கூடப் படாத இடத்தில், பையின் வாயைப் பாதி திறந்து வையுங்கள். 30 டிகிரிக்கு மேல் போகிற அறை வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுக்கத் திறந்து கால் மணி நேரம் காற்றாட விடுங்கள், வெள்ளைப் பூசணம் தெரிந்தால் பாசியை மாற்றுங்கள். ஜூலையில் ஆரம்பித்தால் எனக்கு ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பச்சையோ சிவப்போ கலந்த பளபளப்பான நுனி ஒன்று அடித்தண்டில் எட்டிப் பார்த்திருக்கிறது. அது வந்த அன்றே வெளியே எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளரட்டும், அப்புறம் பையை ஒரு வாரம் முழுசாகத் திறந்து வைத்துப் பழக்கிவிட்டு வெளியே எடுங்கள்.

இந்தக் காலம் முழுக்க உரம் வேண்டாம். வேர் இல்லாத செடிக்கு உரம் என்பது உப்பு, அவ்வளவுதான். சுருங்கிய பழைய இலை திரும்பவும் நிமிரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். சில நிமிரும், பல நிமிராது. புது இலை சுருக்கமில்லாமல் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

தண்ணீர்

நம் ஊரில் அடுத்த பெரிய சிக்கல் தண்ணீரின் தரம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் செடி வாங்குவதற்கு முன் அதை வாங்கிவிடலாம். எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீர் 1200ஐத் தாண்டும். அதை ஊற்றினால் சில மாதத்தில் கரியின் மேலும் வேரின் மேலும் வெள்ளை உப்புப் படியும், வேர் நுனி கருத்து நின்றுவிடும். நான் 150க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மழைத்தண்ணீர் பிடித்து மூடிய டிரம்மில் வைப்பது முதல் தேர்வு. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மீட்டரை வைத்துப் பாருங்கள், எனக்கு 20க்குள் காட்டுகிறது, நல்ல தண்ணீர் அது. ஆர்ஓ தண்ணீரும் சரி. ஆனால் ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவுநீரை மிச்சப்படுத்துகிறேன் என்று இவற்றுக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் போகிறது.

ஊற்றுவது காலையில். ஃபெலனாப்சிஸும், வேர் காற்றில் தொங்கும்படி வளர்க்கிற வாண்டா ஆர்க்கிட்டும் நம் மற்றச் செடிகள் மாதிரி இல்லை, பகலில் இலைத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை எடுப்பவை. பகல் வெயிலில் நீரை இழக்காமல் இருக்க அவை கண்டுபிடித்த வழி. அதனால் இரவில் காற்று ஓடுகிற இடம் வேண்டும், இலை மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. மூடிய அறையில் புழுங்கிக்கொண்டிருக்கும் செடிக்கு ஒரு சின்ன மேசை விசிறி பாதி வைத்தியம்.

மழைக்காலம்

சென்னையில் ஆர்க்கிட்டைக் கொல்வது மே மாதம் என்று நினைப்பார்கள், என் அனுபவத்தில் நவம்பர்தான். வடகிழக்குப் பருவமழை மூன்று நாள் விடாமல் பெய்தால் ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கும், வெயிலும் இல்லை, காயாது. நாலாம் நாள் நடு இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று இருக்கும், நாற்றமும் வரும். குருத்தழுகல்.

தடுப்பது சுலபம். செடியைச் சாய்த்து வையுங்கள். காட்டில் அது மரத்தின் பக்கவாட்டில், இலை கீழ்நோக்கித் தொங்கும்படிதான் இருக்கிறது, நிமிர்ந்து உட்காரவைத்தது நாம்தான். தொட்டியை 45 டிகிரி சாய்த்துவிட்டாலோ, ஒரு மரக்கட்டையில் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டாலோ தண்ணீர் வழிந்துவிடும். அக்டோபர் பிறந்ததும் நான் எல்லாவற்றையும் மழை படாத இடத்துக்கு நகர்த்திவிடுவேன். தெரியாமல் நனைந்துவிட்டால் டிஷ்யூ காகிதத்தைத் திரித்து குருத்துக்குள் விட்டு ஒற்றி எடுங்கள்.

குருத்து போய்விட்டாலும் செடியைத் தூக்கிப் போடாதீர்கள். அழுகிய பகுதியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, பட்டைப் பொடி வைத்து, உலர்வாக வையுங்கள். ஃபெலனாப்சிஸால் அந்தக் குருத்திலிருந்து இனி வளர முடியாது, ஆனால் வேர் நன்றாக இருந்தால் பக்கத்திலோ அடியிலோ ஒரு குட்டி விடும் வாய்ப்பு உண்டு. கெய்கி என்பார்கள், ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். ஆறு மாதமாவது காத்திருங்கள்.

வாண்டா

வாண்டாவின் பிரச்சினை இதற்கு நேர் எதிர். அதை வெறும் வேரோடு கம்பியில் தொங்கவிடுகிறோம், பால்கனியின் காய்ந்த காற்றில் அது நிஜமாகவே தாகத்தில்தான் வாடும். தினமும் இரண்டு முறை ஸ்பிரே அடிக்கிறேனே என்பார்கள். ஸ்பிரே அடித்தால் வேர் மேலோட்டமாக நனைந்து பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், வெலாமென் முழுசாகக் குடித்திருக்காது. வாளியில் தண்ணீர் நிரப்பி, காலையில் 15 அல்லது 20 நிமிடம் வேர் மட்டும் மூழ்கும்படி வையுங்கள். எடுக்கும்போது வேர் முழுக்கப் பச்சையாக மாறியிருக்க வேண்டும். மார்ச் முதல் செப்டம்பர் வரை இது தினசரி வேலை, செய்ய முடியாதவர்கள் வாண்டா வாங்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மிகவும் வாடி, இலை நீளவாக்கில் வரிவரியாக மடிந்து வந்த செடியை முதல் நாள் மூன்று நான்கு மணி நேரம் ஊறவிடலாம். அடித்தண்டு கருப்பாகச் செத்திருந்தால் கீழிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வாருங்கள், வெட்டுப்பகுதி சுத்தமான வெள்ளைப் பச்சையாகத் தெரியும் வரை. நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் இன்னும் மேலே போக வேண்டும். சுத்தமான இடத்துக்கு மேலே ஒரு வேராவது இருந்தால் நல்ல நம்பிக்கை. வேர் இல்லையென்றால் வெட்டை ஆறவிட்டு, இலைக்கணு இருக்கும் இடத்தில் கொஞ்சம் பாசியைத் தளர்வாகச் சுற்றி, செடிக்குக் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அந்த ஈரக்காற்று படும்படி தொங்கவிடுங்கள். எனக்கு ஒரு செடி ஏழு மாதம் எடுத்துக்கொண்டது.

வெளிச்சமும் இங்கே வேறு. ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீத நிழல்வலை, வாண்டாவுக்கும் டென்ட்ரோபியத்துக்கும் 50 சதவீதம். இலை கரும்பச்சையாக, பளபளவென்று அழகாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், அது பூக்காது. கொஞ்சம் மஞ்சள் கலந்த இளம்பச்சைதான் சரியான நிறம். நோயாளிச் செடிக்கு மட்டும் எதுவானாலும் ஒரு படி கூடுதல் நிழல்.

நம் ஊரிலேயே ஒரு வாண்டா இருக்கிறது தெரியுமா? வாண்டா டெஸ்ஸல்லேட்டா. சமவெளியிலேயே மா மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும், மஞ்சள் கலந்த பழுப்பில் கட்டம் போட்ட பூ, ஊதா உதடு, நல்ல மணம். இலங்கையிலும் உண்டு. சென்னை வெயிலெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வராதீர்கள், வேரில் பாதி மரப்பட்டையோடு போய்விடும், பிழைப்பது அரிது. நாற்றாக விற்கிற இடத்தில் வாங்குங்கள்.

செத்ததாகத் தோன்றி ஏமாற்றுபவை

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி அக்கா ஒரு நாள் டென்ட்ரோபியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இலையெல்லாம் கொட்டிப்போச்சு தம்பி, குச்சி மட்டும்தான் நிக்குது. அடியோட வெட்டிடவா?” “வெட்டாதீங்க அக்கா. குச்சி கெட்டியா இருக்கா, தொட்டுப் பாருங்க” என்றேன். கெட்டியாகத்தான் இருந்தது. டென்ட்ரோபியத்தின் பழைய குச்சி அதன் உண்டியல், தண்ணீரும் உணவும் அதில்தான் சேமிப்பு. இலை இல்லாத குச்சியிலிருந்து பூவும் வரும், குட்டியும் வரும். சுருங்கி வைக்கோல் மாதிரி ஆனால் மட்டும் வெட்டலாம்.

இன்னொன்று பாஃபியோபெடிலம், பை மாதிரி உதடு உள்ள பூ. இதன் வேர் இயல்பிலேயே பழுப்பாக, மயிர் முளைத்தாற்போல இருக்கும். ஃபெலனாப்சிஸ் பார்த்துப் பழகியவர்கள் இதை எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் அழுகிவிட்டது என்று வழித்து வெட்டிவிடுகிறார்கள். அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் தொடாதீர்கள். குமிழோ தடித்த இலையோ இல்லாததால் இது முழுசாகக் காயவும் கூடாது. இந்த இனத்தில் பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்பது அகத்தியமலைப் பகுதிக்கே உரியது, உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது, செடி சேகரிப்பவர்கள் தோண்டித் தோண்டியே அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாஃபியோபெடிலம் முழுவதுமே, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டுச்செடி என்று சொல்லி யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நரிவால் ஆர்க்கிட் என்று விற்கப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா, அசாமின் மாநில மலர், வேரைத் தொட்டாலே முரண்டு பிடிக்கும். இடம் மாற்றிக் கட்டினால் ஒரு வருடம் அப்படியே நிற்கும். அது சாகவில்லை, கோபித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் மட்டும் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

சிம்பிடியத்தை டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் போய்விட்டு ஆசையாக வாங்கி வருகிறார்கள். சென்னையில் அது உயிரோடு இருக்கும், இலை விடும், பூக்காது. அதற்கு மாதக்கணக்கில் குளிர்ந்த இரவு வேண்டும், நம்மிடம் இல்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உறவினர் இருந்தால் அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏற்காடு போகிறவர்கள் அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், எந்தச் செடி எதில் எப்படி வளர்கிறது என்று நேரில் பார்ப்பது பத்துக் குறிப்புகளைப் படிப்பதற்குச் சமம்.

பூச்சி, தீனி

நலிந்த செடியில் மாவுப்பூச்சி உடனே வரும். எறும்பு ஏறுகிறதென்றால் பூச்சி எங்கேயோ இருக்கிறது, இலை தண்டோடு சேரும் இடுக்கிலும் இலையின் அடியிலும் தேடுங்கள். இயர்பட்டை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பதுதான் எனக்குப் பலித்த வழி. ஒரு முறை போதாது, முட்டை மிச்சமிருக்கும், வாரம் ஒருமுறை என்று குறைந்தது மூன்று முறை. நத்தை இரவில் வந்து புது வேர் நுனியைத் தின்றுவிடும், மழைக்காலத்தில் ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

புது வேர் ஓரளவு நீண்ட பிறகு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள) உரத்தை லிட்டருக்கு அரை கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை. உரம் விடுவதற்கு முன் வேரை வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றித் தங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர், பால், இவை எல்லாம் மண்ணில் இருக்கும் செடிக்கு எப்படியோ, கரியிலும் பாசியிலும் புளித்து நாறி எறும்பையும் பூசணத்தையும்தான் கொண்டுவரும்.

பூ எப்போது என்று கேட்பீர்கள். வேரில்லாமல் வந்த ஃபெலனாப்சிஸ் பூக்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். அது பூத்தண்டு விடுவதற்கு 25 டிகிரிக்குக் கீழே போகிற சில வார இரவுகள் தேவை, சென்னையில் அது டிசம்பர், ஜனவரியில்தான் கிடைக்கும். அப்போது பால்கனி ஓரத்துக்கு நகர்த்தி இரவுக் குளிர் படும்படி வையுங்கள். நாலு நல்ல இலை இல்லாத செடி தண்டு விட்டால் அந்த வருடம் கிள்ளிவிடுங்கள்.

இலைக்கடியில் ஒரு மொட்டு முனை தெரியும்போது அது வேரா தண்டா என்று முதலில் சொல்ல முடியாது. நுனி உருண்டையாக, வழவழவென்று இருந்தால் வேர். ஒரு பக்கம் மடிந்து, குழந்தைகளுக்குப் போடும் கையுறை மாதிரி இருந்து, வெளிச்சத்தை நோக்கி மேலே திரும்பினால் தண்டு. இரண்டு வருடத்துக்கு முன் சுருங்கிய இரண்டு இலையோடு, வேர் ஒன்றுகூட இல்லாமல், பைக்குள் மூன்று மாதம் இருந்து எழுந்த செடி ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த ஜனவரியில் அதில் அப்படி ஒரு முனை வந்தது. பத்து நாள் தினமும் காலையில் போய் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்தான். கீழே வளைந்து கரிக்குள் இறங்கிவிட்டது, இப்போது ஆறு சென்டிமீட்டர் இருக்கிறது, நுனி சிவப்பு.